ஏழடியா, ஐந்தடி பத்தா? அறுகம்பை அலைக்கு ஒரு சேர்ஃபிங் பலகை

கேள்வி இதுதான். மட்டக்களப்புக் கல்லடியைச் சேர்ந்த தம்பி ஒருவர், எடை 68 கிலோ. இரண்டு பருவமாக வார இறுதிகளில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பைக்குப் போய், புதியவர்கள் பழகும் பேபி பொயின்டில் எட்டடி ஃபோம் போர்டில் (மென்மையான நுரைப் பலகையில்) பழகியிருக்கிறார். இப்போது உடைந்த அலையின் வெள்ளை நுரையை விட்டுவிட்டு, விஸ்கி பொயின்டில் உடையாத அலையைப் பிடித்து வலப்பக்கமாகக் கொஞ்சத் தூரம் போகிறார். ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன்னுடைய 5 அடி 10 அங்குல ஷோர்ட்போர்டை, அதாவது மெல்லிய குட்டிப் பலகையை, குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறாராம். “மெயின் பொயின்டில் நம்முடைய பொடியன்கள் வெட்டித் திருப்பி ஓடுவதுபோல ஓடத்தான் ஆசை, அண்ணா. அதை வாங்கலாமா? தங்கையும் பழக விரும்புகிறாள், ஒரே பலகை இருவருக்கும் சரிவருமா?”

தம்பி, அந்த ஐந்தடி பத்தை வாங்காதீர்கள். பலகை நல்லதாகவே இருக்கலாம், விலையும் மலிவாக இருக்கலாம். ஆனால் உங்களுக்கு அது இன்னும் மூன்று பருவத்துக்காவது உதவாது.

“உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ற பலகை” என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஓட்டம் என்றதும் எல்லோரும் அலையின் மேல் நிற்கும் நேரத்தைத்தான் நினைக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் தண்ணீரில் இருந்தால் அப்படி நிற்பது சில நிமிடங்கள்தான். மிச்ச நேரமெல்லாம் குப்புறப் படுத்துக் கையால் வலிப்பதும், பலகையில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதும்தான். ஆகவே உங்கள் ஓட்டம் எது என்று பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஒன்று: வந்த அலைகளில் எத்தனையைப் பிடிக்கிறீர்கள்? பத்துக்கு இரண்டைப் பிடிப்பவருக்கு வெட்டும் திருப்பமும் இப்போதைக்குப் பேச்சே இல்லை. அந்த இரண்டை ஆறாக்கும் பலகைதான் அவருக்கு வேண்டும். அலை எண்ணிக்கை கூடினால்தான் திருப்பம் பழக இடம் கிடைக்கும். மெயின் பொயின்டில் நீங்கள் பார்க்கிற பொடியன்கள் அறுகம்பைக் கரையிலுள்ள உல்லையில் பிறந்து, பள்ளிக்கூடம் விட்டதும் கடலில் இறங்கி வளர்ந்தவர்கள். அவர்களுடைய பலகை அவர்களுடைய தோளையும் நுரையீரலையும் பார்த்து எடுத்தது. 2019இல் உலக சேர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி அறுகம்பையில் நடந்தபோது வந்தவர்கள் வைத்திருந்ததும் இந்த மாதிரி மெல்லிய பலகைகள்தான். அவர்களுக்கு அது தொழில்.

சரி, கணக்குக்கு வருவோம். இன்றைக்குப் பலகை எடுக்கும்போது நீளத்தைவிட முதலில் பார்ப்பது கொள்ளளவு, லீற்றரில். பெரும்பாலான பலகைகளின் அடிப்பக்கத்தில், நடுவில் ஓடும் மரக்கீற்றை ஒட்டி, நீளம், அகலம், தடிப்பு எழுதி, கடைசியில் லீற்றரும் போட்டிருப்பார்கள். ஒரு லீற்றர் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு கிலோவைத் தண்ணீர்மேல் தாங்கும். நன்றாக ஓடத் தெரிந்த, கிழமைக்கு நாலைந்து நாள் கடலில் இறங்குகிற ஆள் தன் எடையை 0.36 முதல் 0.40 வரையான எண்ணால் பெருக்கி எடுப்பார். இடைநிலையில் இருப்பவருக்கு 0.5 முதல் 0.65. புதிதாகப் பழகுபவருக்கு எடைக்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் நல்லது. உங்கள் 68 கிலோவுக்கு இதைப் போட்டால் கைதேர்ந்தவரின் பலகை 25 முதல் 27 லீற்றர். இடைநிலைக்காரரின் பலகை 34 முதல் 44. நீங்கள் பழகிய எட்டடி ஃபோம் போர்ட் அநேகமாக 75 லீற்றருக்கு மேல் இருக்கும். அந்த வெளிநாட்டுக்காரரின் ஐந்தடி பத்து வழக்கமான ஷோர்ட்போர்ட் என்றால் 26 லீற்றர் அளவில் நிற்கும். ஒரே தாவலில் எழுபத்தைந்திலிருந்து இருபத்தாறுக்கு இறங்கப் பார்க்கிறீர்கள்.

இறங்கினால் என்ன நடக்கும்? நீங்கள் படுத்ததும் பலகை தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடும், நெஞ்சளவு நனைந்தபடிதான் வலிக்க வேண்டும். உங்களைத் தூக்கிப் போகவேண்டிய அலை உங்களுக்குக் கீழால் நழுவிப் போகும். அதைத் தவிர்க்க உடைகிற இடத்துக்கே போய் உட்காருவீர்கள். அங்கே அலை நிமிர்ந்து நிற்கும்போதுதான் எழும்ப நேரம் கிடைக்கும், அதுவும் அரைச் செக்கன். எழும்பும்போது முனை தண்ணீரில் குத்தும். கொள்ளளவு கூடிய பலகையில் இதெல்லாம் தலைகீழ். அலை இன்னும் சாய்வாக இருக்கும்போதே ஏறிவிடுவீர்கள், நின்று, வலப்பக்கம் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கக்கூட நேரம் இருக்கும்.

பெருக்கல் கணக்கோடு ஒரு விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை இறங்குகிறீர்கள் என்பது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டி அறுகம்பை போய்ச் சேர நூறு கிலோமீற்றருக்கு மேல். வார இறுதியில் மட்டும் போகிறவருக்குத் தோள்பலம் எப்போதும் ஒரு படி கீழேதான் இருக்கும். ஆகவே மேல் எல்லையைப் பிடியுங்கள், 42 முதல் 45 லீற்றர். அளவாகச் சொன்னால் ஏழடி நீளம், 21 அங்குல அகலம், இரண்டே எட்டில் ஐந்து (2 5/8) அங்குலத் தடிப்பு. மிட்லெந்த் என்றும் ஃபன்போர்ட் என்றும் கடைகளில் சொல்கிற வகை. முனை வட்டமாக, அகலமான இடம் நடுவிலோ அதற்குக் கொஞ்சம் முன்னாலோ இருப்பதாகப் பாருங்கள்.

இனி நம்முடைய கரையைப் பற்றி. எந்தப் பலகை நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எங்கே ஓடப் போகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் பதில் வரும். பொத்துவிலுக்கு வடக்கே தொடங்கி உகந்தை வரைக்கும் பெயர்போன இடங்கள் எல்லாம் பொயின்ட் அலைகள், எல்லாமே வலப்பக்கம் உடைபவை. இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் எங்கோ வீசும் புயற்காற்று எழுப்பும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வந்து, நம்முடைய முனைகளைச் சுற்றி வளைந்து உடைகிறது. அப்படி வளைந்து வருவதால் அலை நீளமாக ஓடும், இடையில் படுத்து மறுபடி எழும்பும். ஏப்ரல், மேயில் சிறிதாகத் தொடங்கி, ஜூன் முதல் செப்டெம்பர் வரை நன்றாக அடிக்கும். வாடைக்காற்று தொடங்கி மழை வந்தால் முடிந்தது.

நீள அலை, இடையில் படுக்கும் அலை. அதற்குத்தான் பலகை தேடுகிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள். குட்டிப் பலகை அலை படுக்கும் இடத்தில் செத்துவிடும். நீங்கள் உடம்பைக் குலுக்கிக் குலுக்கித் தள்ள வேண்டியிருக்கும். மிட்லெந்த் அந்த இடத்தைச் சும்மா வழுக்கிக் கடந்து அடுத்த சுவரில் ஏறும். விஸ்கி பொயின்டிலும் எலிஃபன்ட் ரொக்கிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். பொத்துவில் பொயின்டில் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே அலை மெதுவாக, மணலை ஒட்டி, கரைக்குப் பக்கத்தில் நெடுந்தூரம் ஓடும், பெரிய பாறைகளைக் கண்வைத்துத் தாண்டிப் போக வேண்டும். நாள் நன்றாக அமைந்தால் திரும்பி நடந்து வரவே கால் வலிக்கும். அந்த அலையில் லோங்போர்ட்காரர்தான் ராஜா.

மெயின் பொயின்ட் வேறு சாதி. அடியில் பாறையும் முருகைக் கல்லும், கடலட்டைக்கும் கடல் முள்ளிக்கும் குறைவில்லை. அலை வேகம், சில இடங்களில் திடீரென்று மதில்போல நிமிரும். ஏறும் இடம் சின்னது, அதில் நாற்பது பேர் காத்திருப்பார்கள். உள்பக்கம் உடையும் இடத்துக்கு யார் கிட்ட இருக்கிறாரோ அலை அவருக்கு, மற்றவர் விலக வேண்டும். இந்த ஒழுங்கு தெரியாமல் அங்கே இறங்கினால் பலகை எதுவானாலும் கரைச்சல்தான். இரண்டடி, மூன்றடி நாட்களில் விடியற்காலை ஏழடியோடு ஓரமாக இறங்கிப் பாருங்கள். பெரிய நாட்களைக் கரையில் நின்று பார்ப்பதும் படிப்புத்தான்.

கச்சான் காற்றை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பில் அது வந்தால் வீட்டுக்குள் இருக்க ஏலாது. அதே மேற்குக் காற்று கடற்கரையில் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை முகத்தைத் துடைத்து நிமிர்த்தி வைக்கும். ஆகவேதான் காலை அலை அழகு. பின்னேரம் கடற்காற்று ஏறினதும் எல்லாம் சொரசொரத்துப் போகும். காற்றுப் பலமான காலையில் அலைக்குள் இறங்கும்போது பலகையின் முனைக்கடியில் காற்றுப் புகுந்து தூக்கிப் பிடிக்கும், முகத்தில் தூவானம் அடித்துக் கண் தெரியாது. அந்த நேரம் பாரம் குறைந்த எப்பொக்சி (எப்பொக்சி ரெசின் பூசிய) பலகையைவிடக் கொஞ்சம் பாரமான பொலியூரித்தேன் (பொலியூரித்தேன் நுரை உள்ள) பலகை அடங்கி இறங்கும். நான் நம்முடைய கரைக்குப் பொலியூரித்தேனைச் சொல்வதற்கு ஒரு காரணம் இது.

மற்றக் காரணம் பழுதுபார்ப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், பலர் பணத்தை இழப்பது இங்கேதான். பலகையில் ஓட்டை விழுந்தால் மட்டக்களப்பில் உடனே நினைவுக்கு வருகிறவர் பைபர் வள்ளம் திருத்துகிறவர். அவரிடம் ரெசின் இருக்கும், பைபர் பாய் இருக்கும், கையும் பழகிய கை. பொலியூரித்தேன் பலகை என்றால் பயமில்லாமல் கொடுக்கலாம், அவர் பாவிக்கிற பொலியெஸ்டர் ரெசின்தான் அந்தப் பலகைக்கும் ஏற்றது. ஆனால் எப்பொக்சி பலகைகளின் உள்ளே அநேகமாக இருப்பது பொலிஸ்டைரீன் நுரை, மீன் பெட்டியில் பார்க்கிற அதே வெள்ளை மணிகள். பொலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அந்த நுரையைக் கரைக்கும். விரலளவு ஓட்டையில் ஊற்றிப் பார்த்துக்கொண்டே நின்றால், வெள்ளை நுரை வாயில் வைத்த பஞ்சு மிட்டாய் மாதிரிச் சுருங்கி உள்ளே போகும். ஊற்ற ஊற்றக் கொள்ளும். கடைசியில் மேலே தோடு, உள்ளே ஒரு கைப்பிடிக் குழி. வள்ளக்காரரில் பிழை இல்லை, அவரிடம் யாரும் இது என்ன பலகை என்று சொல்லவில்லை. எப்பொக்சி பலகை வைத்திருந்தால் எப்பொக்சி ரெசின் மட்டும். அறுகம்பையில் பலகை திருத்துகிறவர்களிடம் கொடுத்தால் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வடிவத்தைப் பற்றி அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். பலகையை ஓரத்திலிருந்து பார்த்தால் முனையும் வாலும் மேலே வளைந்திருக்கும், அதுதான் ரொக்கர். வளைவு கூடினால் செங்குத்தான அலைக்குள் இறங்க லேசு, ஆனால் வேகம் குறையும். நமக்கு மிதமான வளைவு போதும். ஓரங்கள் உருண்டு மென்மையாக இருந்தால் பிழையைப் பொறுக்கும், கத்திபோல மெலிந்திருந்தால் ஒரு பிழைக்கும் இடம் தராது. வால் உருண்டதாக இருந்தால் நீளமான திருப்பத்துக்கு நல்லது, சதுரமாக வெட்டியதும் பரவாயில்லை. மீன்வால் பலகைகள் சின்ன அலைக்கு அருமை, ஆனால் அது இரண்டாவது பலகையாக வரட்டும். ஃபின், அதாவது வாலுக்குப் பக்கத்தில் அடியில் மாட்டும் செதில், மூன்று. 1981இல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் தான் வடிவமைத்த மூன்று ஃபின் பலகையோடு பெல்ஸ் பீச் போட்டியை வென்றபிறகு உலகம் முழுக்க அதற்கு மாறியது. இன்றைக்கும் எங்கேயும் கைவிடாத அமைப்பு அது. நாலு ஃபின் நேர்க்கோட்டில் வேகம் தரும், நீள பொயின்ட் அலைகளில் சிலர் அதைத்தான் விரும்புவார்கள். ஐந்து பொருத்துகள் உள்ள பலகை கிடைத்தால் பிற்பாடு மாற்றிப் பார்க்கலாம்.

எந்தக் கால் முன்னால் என்று நீங்கள் எழுதவில்லை. இடது கால் முன்னால் என்றால் நம்முடைய அலைகள் எல்லாம் உங்கள் நெஞ்சுக்கு நேரே இருக்கும், யோகம்தான். வலது கால் முன்னால் என்றால் கிழக்குக் கரை முழுக்க முதுகு காட்டித்தான் ஓட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு மெல்லிய குட்டிப் பலகை இன்னும் கரைச்சல், ஏனென்றால் குதிகால் பக்க ஓரத்தை அழுத்திப் பிடிப்பது கடினம். மென்மையான ஓரமும் கூடுதல் அகலமும் அவருக்கு இருமடங்கு உதவும்.

பழைய பலகை வாங்குவதில் தப்பில்லை. பருவம் முடியும் செப்டெம்பர், ஒக்டோபரில் ஊர் திரும்புகிறவர்கள் விமானத்தில் கொண்டுபோகும் கூலிக்குப் பயந்து மலிவாக விட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் வெயிலில் வைத்துப் பாருங்கள், கடைக்குள் மின்விளக்கில் பார்க்காதீர்கள். வெக்ஸ் (கால் வழுக்காமல் பூசும் மெழுகு) பூசியிருந்தால் சுரண்டச் சொல்லுங்கள், அதற்கு மறுத்தால் கையைக் கும்பிட்டுவிட்டு நடவுங்கள். மேல்பக்கத்தில் கால் வைக்கிற இடம் முழுக்கப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் தோல் உள்ளே போய் மறுபடி எழும்பினால் பைபர் நுரையை விட்டுப் பிரிந்துவிட்டது, அது பரவும். அழுத்தின பின் விரல்மொட்டால் தட்டுங்கள், பிரிந்த இடம் பொள்ளென்று கேட்கும். குறுக்காக, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு தெரிந்தால் பலகை ஒருமுறை மடிந்திருக்கிறது, எவ்வளவு அழகாகத் திருத்தியிருந்தாலும் அங்கேதான் முறியும். காலால் அமுங்கிய சின்னச் சின்னப் பள்ளங்கள் எல்லாப் பலகையிலும் இருக்கும், அதை விடுங்கள். மஞ்சள் நிறமும் வெயில் பட்ட வயதுதான். கபில நிறக் கறை என்றால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெடிப்பில் சந்தேகம் இருந்தால் பழக்கப்பட்டவர்கள் வாயை வைத்து உறிஞ்சிப் பார்ப்பார்கள். உப்புத் தண்ணீர் நாக்கில் பட்டால் விலையைப் பாதியாக்கலாம், அல்லது விட்டுவிடலாம். ஃபின் பெட்டியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று ஃபின்னைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், மாட்டியபடி பார்த்தால் தெரியாது.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து ஓடுங்கள். அறுகம்பை வீதியில் வாடகைப் பலகைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு சனி, ஞாயிறு ஏழடி எடுங்கள், அடுத்த முறை ஆறடி ஆறு எடுங்கள். ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே அளவு அலையில். எது நன்றாக இருந்தது என்று மனதைக் கேட்காதீர்கள், எத்தனை பிடித்தீர்கள் என்று எண்ணுங்கள். ஆறடி ஆறிலும் அதே எண்ணிக்கை வந்தால் நான் சொன்னதைத் தள்ளிவிட்டு அதை வாங்கலாம், எனக்குச் சந்தோஷம். தோள்பலத்துக்கு இடைநாட்களில் பாசிக்குடா போங்கள். அலை இல்லாத ஆழமற்ற தண்ணீர், பலகையில் படுத்து அரை மணித்தியாலம் வலிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

தங்கையின் விஷயம். அவருடைய எடையை நீங்கள் எழுதவில்லை, 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 44 லீற்றர் பலகை அவருக்கு எடையின் 0.88 மடங்கு. பழகுபவருக்கு அது கிட்டத்தட்டச் சரியான அளவு, ஆக உங்களுக்கு அடுத்த படியாக இருக்கும் பலகையே அவருக்குத் தொடக்கத்துக்கு ஏறக்குறையப் போதும். ஐந்தடி பத்தை வாங்கியிருந்தால் இருவருக்கும் உதவியிராது. ஆனாலும் முதல் சில நாட்கள் வாடகை ஃபோம் போர்டில், பேபி பொயின்டில் நிற்கப் பழகட்டும். விழும்போது கடினப் பலகையின் ஓரமும் ஃபின்னும் பல்லையும் புருவத்தையும் பதம் பார்க்கும். 2018இல் அறுகம்பையில் பெண்களுக்கென்றே ஒரு சேர்ஃபிங் கழகம் தொடங்கினார்கள், இலங்கையில் அதுதான் முதலாவது. தண்ணீரில் பெண்களைக் கண்டால் தங்கையைப் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள், அண்ணன் சொல்லிக் கொடுப்பதைவிட அது வேலை செய்யும்.

மிச்சம் சில்லறை விஷயங்கள். வெக்ஸ் வாங்கும்போது ட்ரொபிகல் என்று எழுதியதை மட்டும் எடுங்கள். நம்முடைய கடல் 27, 28 பாகையில் இருக்கும், குளிர்நாட்டு வெக்ஸ் கரைக்கு வருமுன் உருகி வயிற்றில் ஒட்டும். பலகையை வெயிலில் மல்லாத்தி வைக்காதீர்கள், ஓட்டோக் கூரையில் கட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கடைக்குள் போகாதீர்கள். எப்பொக்சி என்றால் கொப்புளமே கிளம்பும். ஏழடி என்றால் பஸ்ஸில் கொண்டு வருவது சிரமம்தான், ஃபின்னைக் கழற்றி உறையில் போட்டு, கூட்டம் குறைந்த அதிகாலை பஸ்ஸில் கடைசி இருக்கைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தங்கும் விடுதியிலேயே பருவம் முழுக்க வைக்க இடம் கேளுங்கள், பழகினவர்கள் என்றால் தருவார்கள். காலில் கட்டும் லீஷ் பலகையின் நீளத்துக்குச் சமமாக, ஏழடிக்கு ஏழடி. பலகையைப் பழையதாக வாங்கினாலும் லீஷைப் புதிதாகவே வாங்குங்கள். விற்பவர் சும்மா தருகிற லீஷில் சுழலும் மூட்டு துருவேறி இருக்கும், ஒட்டுப்பட்டி மணலால் பிடிக்காது. மெயின் பொயின்டில் அது அறுந்தால் பலகை நேரே பாறைக்கு, நீங்கள் அதன் பின்னால் நீந்தி, முள்ளியில் கால் வைத்து.